பொன்குழிப் பேயின் வாக்குமூலம்

அரசாங்கத்துக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, பொன்குழியில் வீடு ஒப்படைப்பு விழா நடந்த அன்று தனி அலுவலர் ஏகநாதன் ஒலிபெருக்கி வைத்தே அதை அறிவித்தார். அறிவித்துவிட்டு, வெயில் இருக்கும்போதே ஊட்டி போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மத்தியானச் சாப்பாட்டைக்கூட ஜீப்பிலேயே முடித்துக்கொண்டார்.

பொன்குழி சோலூருக்குக் கீழே, மண்பாதை போய் முடிகிற இடத்தில் இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை, அந்த மலையில் தங்கம் இருப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டு, கம்பெனி சேர்த்து மலையைக் குடைந்தான். கல்வீடுகள் வரிசையாக எழும்பின. மாதா கோயில், தபால் ஆபீஸ், சாராயக்கடை எல்லாம் வந்தன. தங்கம் மட்டும் வரவில்லை. காய்ச்சல் வந்தது. பாதிப் பேர் செத்தார்கள், மீதிப் பேர் ஓடினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் படுத்தவன் எழுந்திருக்க மாட்டான் என்று சுற்றுப்பட்டில் ஒரு பேச்சு கிளம்பி நிலைத்துவிட்டது. கூரைக்கட்டையையும் கதவையும் பெயர்த்துக்கொண்டு போனவர்களை மட்டும் அந்தச் சாபம் எதுவும் செய்ததாகத் தகவல் இல்லை.

அந்த ஊரைத்தான் மலைமாவட்ட மறுகுடியமர்வுத் தனி அலுவலகம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கென்று தேடிக் கண்டுபிடித்தது. நான்கு சுவரும் உறுதியாக நின்றன. கூரைக்கு வேண்டிய தகரம் ஊட்டிக் கிடங்கில் அடுக்கி வைத்திருந்தது. இரண்டையும் ஒன்று சேர்ப்பதுதான் பாக்கி. அது ஒரு நாள் வேலை என்று நினைக்கிறவர்கள் எந்த அலுவலகத்துக்கும் போய்ப் பழகாதவர்கள்.

தங்கையா அப்படிப்பட்டவர்தான். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தலை நரைத்து, மண்டபம் முகாமில் புழுங்கி, கடைசியில் இந்தக் குளிரில் வந்து விழுந்தவர். கூட வந்தது மனைவி சின்னம்மை, மகள் தெய்வம்மா, ஒரு டிரங்குப் பெட்டி, தோல் கட்டிய ஒரு தப்பு. தெய்வம்மாவுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் மகள் தலைக்கு மேலே ஒரு கூரை வேண்டும். தங்கையா கேட்டது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அரசாங்கம் தன் இஷ்டப்படி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பழக்கம் என்பதைவிட வியாதி என்றே சொல்லலாம். துரை என்று யார் வந்து எதைக் கேட்டாலும், "ஆமாங்க தொரை" என்றுதான் அவர் வாயில் வரும். இது அவர் குற்றமில்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்கு முதலில் பழக்குவது இந்த வார்த்தையைத்தான். வெயில் கொளுத்தும்போது துரை குதிரையிலிருந்து குனிந்து, "மழை பெய்யுதா?" என்று கேட்டால், "ஆமாங்க தொரை" என்று சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னவன் பேர் மறுநாள் வேலைக்குக் கூப்பிடப்படாது. கேள்வி என்ன என்று காது கேட்பதற்கு முன்னாலேயே தலை ஆடிவிடும்.

அப்படித்தான் அவர் ஒரு நாட்டையும் தொலைத்தார். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் சேர்ந்து தோட்டத்து ஜனங்களைப் பங்கு போட்டுக்கொண்ட சமயத்தில், தோட்டத்து ஆபீசில் ஓர் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து, "இந்தியாவுக்குப் போக விருப்பமா?" என்று கேட்டார். "ஆமாங்க தொரை" என்றார் தங்கையா. மேசை மேல் முத்திரை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கேள்வி அவருக்கு விளங்கியது. பக்கத்து மேசையில் அதே தோட்டத்துப் பையன் காத்தமுத்து நின்றிருந்தான். அவனை இன்னோர் அதிகாரி, "இங்கேயே இருக்க விருப்பமா?" என்று கேட்டார். அவனும் "ஆமாங்க தொரை" என்றான். பின்னால் தெய்வம்மாவுக்கும் காத்தமுத்துக்கும் கல்யாணம் ஆனது. கல்யாணத்தைக் கோயில் ஒப்புக்கொண்டது, கப்பல் ஒப்புக்கொள்ளவில்லை. தெய்வம்மா தகப்பனோடு ஏறினாள். காத்தமுத்து தலைமன்னாரில் நின்று கையாட்டினான்.

"ஒரே வார்த்தையத்தான் ரெண்டு பேரும் சொன்னீங்க. ஒருத்தருக்கு ஒரு நாடு, இன்னொருத்தருக்கு இன்னொரு நாடு. நாக்க வெட்டி அடுப்புல போடணும்" என்று சின்னம்மை அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பொன்குழிக்கு வந்தவர்கள் முகாமில் கொடுத்த தார்ப்பாயைச் சுவர்மேல் இழுத்துக் கட்டி, மேலே புல்லைப் பரப்பிக் குடியிருக்கத் தொடங்கினார்கள். காற்று அடித்தால் ஒரு வீட்டுத் தார்ப்பாய் இன்னொரு வீட்டில் போய் விழும். ஆண்களும் பெண்களும் சோலூர்த் தோட்டங்களில் காரட் பிடுங்கவும், கொழுந்து கிள்ளவும் கூலிக்குப் போனார்கள். வந்த மறுநாள் விடியற்காலையிலேயே தங்கையா தப்பை எடுத்துக்கொண்டு மாதா கோயில் முற்றத்தில் போய் நின்றுவிட்டார். அங்கே மஸ்கெலியாவில் பெரட்டுக்குத் தப்படித்தவர் அவர்தான். பெரட்டு என்றால், விடியும்போது வேலையாட்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி, பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பது. இங்கே கங்காணியும் இல்லை, துரையும் இல்லை, பேர் கூப்பிடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் பெரட்டு இல்லாமல் அந்த ஜனங்களுக்குப் பொழுது விடியாது. தப்புச் சத்தம் கேட்டதும் போர்வையை உதறிக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். தங்கையா பேர் சொல்ல, "இருக்கேன்", "இருக்கேன்" என்று மூடுபனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

பேர் கூப்பிடும்போது அவர் காத்தமுத்துவையும் விடவில்லை. செத்தவர் பேரைத்தான் பெரட்டிலிருந்து எடுப்பது வழக்கம். உயிரோடு இருக்கிறவன் பேரை எப்படி எடுப்பது? "காத்தமுத்து!" என்று கூப்பிடுவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தெய்வம்மா, "வாறாரு" என்பாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும்போது வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள்.

கூரைத் தகரம் மட்டும் வரவில்லை. தங்கையா ஊட்டிக்கு நடந்து போய் ஏகநாதன் அறை வாசலில் நின்றார். ஏகநாதன் நல்ல மனிதர். உட்காரச் சொல்லவில்லையே தவிர, விளக்கமாகவே பேசினார்.

"பாருங்கள் தங்கையா, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. என் பங்களாவில் கணப்புப் புகைபோக்கி அடைத்துக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் பொன்குழியில் சாபம் இருப்பதாக ஒரு மனு வந்திருக்கிறது. அரசாங்கம் சாபத்தை நம்பாது. ஆனால் சாபம் இருக்கிற இடத்தில் செலவு செய்தால் தணிக்கையில் கேள்வி வரும். சாபம் இல்லை என்று ஒரு விசாரணை முடிவாகிவிட்டால், மறுநாளே தகரம்."

"சரிங்க தொரை. மழ வருதுங்க. மக மாசமா இருக்கா."

"அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கூரை இல்லாத இடத்தில் மனிதர் குடியிருக்க முடியாது என்பது விதி. ஆகவே நீங்கள் இன்னும் அங்கே குடியேறவே இல்லை. குடியேறாதவர்கள் எப்படி நனைவார்கள்? புரிகிறதா?"

"ஆமாங்க தொரை" என்று சொல்லிவிட்டுத் தங்கையா அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தார். பாதி வழியில்தான், எது தனக்குப் புரிந்தது என்று யோசித்தார். ஒன்றும் புரியவில்லை.

மனுப் போட்டவர் இராஜமாணிக்கம். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மலையில் தோட்டம் வைத்துப் பெரிய மனிதரானவர். சாபம் பிடித்த பொன்குழியில் மாதா கோயில் சுவர் வரைக்கும் தேயிலை தானாக முளைத்து, தானாகக் கவாத்து ஆகி, தானாக இராஜமாணிக்கத்தின் ஃபாக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊரில் ஆள் வந்துவிட்டால் நிலத்தை அளந்து பார்ப்பார்கள். சாபத்தின் மேல் அவருக்கு இருந்த அக்கறை அது.

விசாரணை வைகாசிக் கடைசியில் நடந்தது. மாதா கோயில் முற்றத்தில் சாமியானா போட்டார்கள். அதிகாரிகளுக்கு நாற்காலி, சாட்சிகளுக்குப் பெஞ்சு, குடியேறாத ஜனங்களுக்குப் புல்தரை. தார்ப்பாய் வீடுகளிலிருந்து எழுந்த அடுப்புப் புகை சாமியானாவுக்குள் வந்தபோது ஏகநாதன் இருமினார். ஆனாலும் அங்கே யாரும் குடியில்லை என்ற நிலைப்பாட்டிலிருந்து அவர் இம்மியும் நகரவில்லை.

முதலில் எழுந்தவர் கொர்னேலியஸ். அருவங்காட்டு வெடிமருந்து ஃபாக்டரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பாட்டன், தங்கம் தேடிய துரைக்குப் பட்லராக இருந்தாராம். "சார், திஸ் இஸ் எ ஃபேமிலி மேட்டர். இங்க உலாத்துறது எங்க துரையோட ஆவி. டீசன்ட் ஆவி சார். கோட்டு, தொப்பி, கையில பைப். யாருக்கும் தொந்தரவு குடுக்காது. ஆனா இந்த எடத்து மேல ரைட் ஆஃப் பொசஷன் அதுக்குத்தான் உண்டு."

இராஜமாணிக்கம் துள்ளி எழுந்தார். "ஏனுங்க கொர்னேலியசு, செத்துப்போன வெள்ளக்காரனுக்கு இங்க என்ன வேலைங்க? நான் பாத்தது மோகினிங்க. வெள்ளச் சேல, விரிச்ச தலை. எங்க தோட்டத்தாளுக நாலு பேரு காய்ச்சல்ல படுத்துட்டாங்க. அந்த மோகினிக்கு வருசா வருசம் கெடா வெட்டறது நாந்தானுங்க. அப்ப எடம் யாருக்குச் சேரணும்?"

பைப் பிடிக்கும் ஆவியா, சேலை கட்டிய மோகினியா என்று இரண்டு பேரும் கட்டிப் புரளாத குறை. ஏகநாதன் மேசையைத் தட்டினார். "அமைதி, அமைதி. பேய் ஆணா பெண்ணா என்பது பிறகு. அதற்கு முன்னால் பேயின் சாதி தெரிய வேண்டும். முற்பட்ட வகுப்பா, பிற்பட்ட வகுப்பா? அது தெரியாமல் எந்தத் துறைக்குக் கோப்பை அனுப்புவது?"

யாருக்கும் தெரியவில்லை. கொர்னேலியஸ், துரை ஸ்காட்லாந்துக்காரர் என்றார். அந்தச் சாதி பட்டியலில் இல்லை என்று ஏகநாதனின் குமாஸ்தா தேடிப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் இராஜமாணிக்கம் கடைசியாக வைத்திருந்த சரக்கை எடுத்தார். "அதெல்லாம் கெடக்கட்டுங்க. இப்பவும் பேய் இருக்குதுங்க. விடியறதுக்கு முன்னால தப்புச் சத்தம் கேக்குது. அப்புறம் ஒரு ஆளு பேரு பேராக் கூப்புடறான். மூடுபனிக்குள்ளருந்து பதில் வருதுங்க. ஒரு பேருக்கு மட்டும் பொம்பளக் கொரலு ‘வாறாரு, வாறாரு’ங்குது. ஆனா யாரும் வர்றதில்லீங்க. என் காதால கேட்டனுங்க. ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு."

புல்தரையில் உட்கார்ந்திருந்த தெய்வம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தங்கையா எழுந்து நின்றார். உள்ளதைச் சொல்லிவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்று பாவம் அவர் நினைத்தார்.

"தொரை, அந்தச் சத்தம் நாந்தாங்க."

ஏகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "விடியற்காலையில் தப்படிப்பது நீயா?"

"ஆமாங்க தொரை."

"பேர் கூப்பிடுவதும் நீ?"

"ஆமாங்க தொரை."

"இந்த ஊரில் மனிதர் யாரும் இன்னும் குடியேறவில்லை. குடியேறாத ஊரில் தப்படித்துப் பேர் கூப்பிடுவது பேய்தான் என்று சாட்சி சொல்கிறார். அப்படியானால் அந்தப் பேய் நீதான்?"

புல்தரையில் சின்னம்மை இரண்டு கைகளாலும் 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆட்டினாள். மூன்று தலைமுறைப் பழக்கம் கையாட்டினால் நிற்குமா?

"ஆமாங்க தொரை" என்றார் தங்கையா.

சின்னம்மை நெற்றியில் அடித்துக்கொண்டாள். கொர்னேலியஸ் ஓடி வந்து, "நீங்க எங்க துரையோட ஆவிதானே?" என்று ஆசையாகக் கேட்டார். "ஆமாங்க தொரை." இராஜமாணிக்கம் விடுவாரா? "அட, மோகினிதானப்பா நீ?" "ஆமாங்க தொரை." இரண்டு கட்சிக்கும் வெற்றி. ஏகநாதன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பொன்குழியைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் நடந்த தகராறு, தமது தலைமையில் ஒரே மத்தியானத்தில் தீர்ந்துவிட்டது என்று அவர் எழுந்து நின்று பேசினார்.

"பெரியோர்களே, விசாரணை வெற்றி. பேய் அடையாளம் காணப்பட்டுவிட்டது. தானே ஒப்புக்கொண்டும் விட்டது. இவ்வளவு ஒத்துழைக்கிற பேயை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. இனிப் பேயை வெளியேற்றுவது ஒன்றுதான் பாக்கி. பேய் போன மறுநிமிடம், மற்ற எல்லாக் குடும்பங்களுக்கும் தகரம். பேய்க்கு வீடு ஒதுக்க விதியில் இடமில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

தன் வாயாலேயே தன் மகளின் கூரையைப் பிடுங்கிவிட்டோம் என்று அப்போதுதான் தங்கையாவுக்கு உறைத்தது. துரை ஐயா, நான் பேயில்லை, மனுசன் என்று சொல்ல வாயெடுத்தார். ஏகநாதன் ஜீப்பில் ஏறியபடி, "என்னப்பா, சந்தோஷம்தானே?" என்று கேட்டார். பதில் என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார்கள். கெட்டவர்கள் இல்லை. எல்லார் வீட்டிலும் நனைகிற பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு சாயங்காலம் நாலைந்து பேர் வந்து, தங்கையாவின் அடுப்பைச் சுற்றிக் குந்தினார்கள். ஆளுக்கொரு சுள்ளியாக அடுப்பில் தள்ளினார்கள். கடைசியில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு வாரம், பத்து நாளு, கூடலூர்ப் பக்கமா போயிட்டு வாங்களேன் தங்கையாண்ணே. தகரம் எறங்குன ஒடனே ஆளனுப்பி உங்களக் கூப்புடுறோம்."

சின்னம்மை அகப்பையோடு எழுந்தாள். "அப்புடித்தான் அங்கயும் சொன்னாங்க. போங்க, பின்னால மாப்பிளய அனுப்புறோம்னு. அனுப்பிட்டாங்களா? நெறமாசக்காரிய இழுத்துக்கிட்டு நாங்க எந்த ஊருக்கு, யாரு வீட்டுக்குப் போறது? சொல்லுங்கய்யா, எங்களுக்கு யாரு இருக்கா இந்த நாட்டுல?"

வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். தங்கையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. பேய் அழுததாக யாராவது புகார் கொடுத்துவிடப் போகிறார்களே என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

பேயை ஓட்ட ஆள் வேண்டுமல்லவா? அலுவலகம் முறைப்படி ஒப்பந்தப்புள்ளி கோரியது. வந்ததில் குறைந்த தொகை கேட்டவர் அன்னூர்ப் பக்கத்துப் பழனியாண்டி. மாட்டுக்குச் சுளுக்கெடுப்பதில் பேர் போனவர். விண்ணப்பத்தில் 'அனுபவம்' என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதியிருந்தார். எதில் அனுபவம் என்று கேட்க அந்தத் தாளில் இடம் விடவில்லை.

ஆனி பிறந்து மேகம் மலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. தெய்வம்மாவுக்கு இடுப்பு வலி விட்டு விட்டு வந்தது. அந்த நாளாகப் பார்த்துத்தான் பேயோட்டும் விழா. முன்னால் ஏகநாதனின் ஜீப், நடுவில் இராஜமாணிக்கத்தின் கார், அதில் இடம் கேட்டுத் தொற்றிக்கொண்ட கொர்னேலியஸ், பின்னால் முக்கி முனகிக்கொண்டு தகரம் ஏற்றிய லாரி. பளபளவென்று புதுத் தகரம். பார்த்த ஜனங்களுக்கு எச்சில் ஊறியது. கூரையைப் பார்த்து எச்சில் ஊறுவது வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது.

மாதா கோயில் முற்றத்தில் தங்கையாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பொன்குழிக்கு வந்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் நாற்காலி. ஏகநாதன் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"அரசாங்கத்துக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அந்தப் பகுத்தறிவுக் கொள்கையின் அடிப்படையில், இன்று இந்தப் பேயை ஓட்டுகிறோம். இது மூடநம்பிக்கை அல்ல. மூடநம்பிக்கையாக இருந்தால் ஒப்பந்தப்புள்ளி கோரியிருப்போமா? பேய் பழனியாண்டியின் கேள்விக்கு 'ஆமாம், போகிறேன்' என்று பதில் சொன்னதும் நான் கையசைப்பேன். லாரிக்காரர் தகரத்தை இறக்கலாம். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பேயின் ஒத்துழைப்பு நமக்கு முன்பே தெரிந்ததுதான்."

கைதட்டல். பழனியாண்டி வேப்பிலையும் எலுமிச்சம்பழமுமாகச் சுற்றி வந்தார். தங்கையாவின் தோளைத் தொட்டதும் கை தானாகச் சுளுக்குப் பார்த்தது. பிறகு நினைவு வந்து, உரத்த குரலில் அதட்டினார்.

"அடேய்! கேக்கறதுக்குப் பதில் சொல்றியா?"

"சொல்றேங்க."

"இத்தன நாளா இந்த ஊரப் புடிச்சிருக்கறது நீதான?"

"ஆமாங்க தொரை." ஏகநாதன் திருப்தியோடு தலையாட்டினார்.

"இந்த ஊர உட்டுப் போட்டு இப்பவே போறியா?"

தலை வழக்கம்போல ஆடக் கிளம்பிவிட்டது. வாயும் திறந்துவிட்டது. அந்த நேரத்தில், தார்ப்பாய் போட்ட வீட்டுக்குள்ளிருந்து தெய்வம்மா அலறினாள். "ஐயோ, அம்மா!" என்றொரு அலறல். அதற்குள்ளேயே ஒரு பெருமூச்சு, பிறகு இன்னோர் அலறல். சின்னம்மை உள்ளேயிருந்து, "வெந்நி கொண்டாங்கடி! தல தெரியுது!" என்று கத்தினாள். அதே சமயம் முதல் தூறல் விழுந்தது. தங்கையாவின் வழுக்கையில் ஒரு சொட்டு, தாடையில் ஒரு சொட்டு.

இதே கேள்விதான் என்று அவருக்குத் திடீரென்று தோன்றியது. மஸ்கெலியாவில் மேசை போட்டுக் கேட்டார்கள், இங்கே வேப்பிலை வைத்துக் கேட்கிறார்கள். போறியா, போறியா என்று இதையேதான் எங்கும் கேட்கிறார்கள். அவருக்கு ஆத்திரம் வந்தது. பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த ஆத்திரம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இல்லைங்க" என்றார்.

ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் அது எதிர்மலையில் போய் மோதித் திரும்பி வந்தது. ஏகநாதன் பாதி தூக்கிய கையோடு நின்றார். "என்ன சொன்னாய்? சரியாகக் கேட்டுக்கொண்டு சொல். போகிறாய்தானே?"

"இல்லைங்க. போகமாட்டேன். இனிமே எங்கயும் போகமாட்டேன். இங்கதான் கெடப்பேன், இங்கதான் சாவேன். செத்த பொறகும் இங்கதான் இருப்பேன். உங்களால ஆனதப் பாருங்க!"

பழனியாண்டிக்கு மாடுகளிடம் இப்படி ஓர் அனுபவம் ஏற்பட்டதில்லை. எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டார். "சார், இது சாதாரணப் பேயில்லீங்க" என்று சொன்னவர், சொல்லி முடிக்கும்போது லாரிக்குப் பக்கத்தில் இருந்தார். உள்ளே தெய்வம்மாவின் அலறல் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் பச்சைப்பிள்ளை ஒன்று வீரிட்டு அழுதது. அதோடு அரசாங்கத்தின் பகுத்தறிவுக் கொள்கை முடிவுக்கு வந்தது.

இராஜமாணிக்கம் ஒரு செருப்போடு ஓடினார். "பேய் குட்டி போட்டுருச்சுங்க! பேய் குட்டி போட்டுருச்சுங்க!" என்று அவர் கத்தியது சோலூர் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். கொர்னேலியஸ் காரில் தமக்கு இடம் இல்லாததைப் பார்த்து, ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டார். பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாத ஏகநாதன் அதற்கு முன்பே ஜீப்புக்குள் இருந்தார். லாரிக்காரர் வண்டியைத் திருப்பிப் பார்த்தார். பாரத்தோடு அந்த ஈர மேட்டில் வண்டி ஏறாது. கிளீனரும் அவருமாகத் தகரத்தையெல்லாம் தடதடவென்று புல்தரையில் தள்ளிவிட்டு, காலி வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் தகரக் குவியலைப் பார்த்தார்கள், தங்கையாவைப் பார்த்தார்கள். கூடலூர்ப் பக்கம் போகச் சொன்னவர்தான் முதலில் ஒரு தகரத்தைத் தூக்கினார். வேறு யார் வீட்டுக்கும் போகவில்லை. நேராகத் தங்கையாவின் சுவர் மேல் ஏறினார். இன்னொருவர் ஆணியோடு பின்னால் ஏறினார். உள்ளே சின்னம்மை பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருக்க, மேலே சுத்தியல் சத்தம் பிய்த்துக்கொண்டு போனது. பேத்தி பிறந்த அன்றே அவளுக்குக் கூரை வந்துவிட்டது. மழை தகரத்தில் விழும் சத்தத்தில் அவள் அழுவதுகூடக் கேட்கவில்லை. தெய்வம்மா மட்டும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "அவுங்க அப்பா மூக்கு" என்று சொல்லி அழுதாள்.

ஆடியில் ஒரு நாள் ஏகநாதன் மறுபடி வந்தார். ஊருக்குள் வரவில்லை. மாதா கோயிலுக்கு அந்தப் பக்கம், பேய்க்குப் பயந்து இராஜமாணிக்கத்தின் தேயிலை இப்போது எதுவரை பின்வாங்கியிருக்கிறதோ அந்த இடத்தில், ஜீப்பை ஓட்டத்துக்குத் தயாராகத் திருப்பி நிறுத்திக்கொண்டு, ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பொன்குழியில் எல்லா வீட்டுக் கூரைகளும் கண்ணைக் கூசவைத்தன.

அவருக்கு வந்திருந்த சிக்கல் பெரியது. பேய் போன பிறகுதான் தகரம் கொடுக்கலாம் என்பது உத்தரவு. பேயோ போகமாட்டேன் என்று சொல்லிவிட்டது. ஆகவே தகரம் கொடுக்கப்பட்டிருக்க முடியாது. கொடுக்கப்பட்டிருந்தால் பிடுங்க வேண்டும். பிடுங்குவதற்கு ஊருக்குள் வர வேண்டும்.

"தங்கையா! தகரம் உங்களுக்குக் கிடைத்ததா?"

ஊரே வெளியே வந்து நின்றது. அவருடைய வியாதி அவர்களுக்குத் தெரியும். சின்னம்மை அவர் வாயைப் பொத்தத் தயாராகக் கையை வைத்துக்கொண்டாள். தங்கையா திரும்பி, வரிசையாக மின்னும் கூரைகளை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். பிறகு கையைக் குவித்துக் கத்தினார்.

"இல்லைங்க தொரை!"

ஏகநாதனும் அந்தக் கூரைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தாளில் 'இல்லை' என்று எழுதினார். இத்தனை நாளும் இறங்காத ஒரு பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டு, "நன்றி, நல்ல ஒத்துழைப்பு" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்த அலுவலகத்தில் பொன்குழி ஆளில்லாத ஊர்தான்.

ஜனங்கள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. யாரோ தங்கையாவைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். சின்னம்மையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்குள் வந்து பேத்தியை மடியில் போட்டுக்கொண்டதும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

"இவ்வளவு நல்லா வருதே அந்த வார்த்த" என்றாள். "இத அங்கயே, மஸ்கெலியாவுல, அந்த மேசைக்கு முன்னால நின்னு ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா? இந்தப் புள்ள அப்பன் மடியில கெடக்குமே."

தங்கையா எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த தப்பை எடுத்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மழையில் தோல் தளர்ந்திருந்தது. அதைத் தீயில் காட்டிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்தார். விடிந்தால் பெரட்டு. காத்தமுத்து பேரைக் கூப்பிட வேண்டும்.